ஜீக்ஃப்ரீட் முதுகில் இலை ஒட்டியதா?

கொம்பூதி: நேற்று இங்கே ஒருவர் எழுதியது: “ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ‘ரிங்’ ஓபராத் தொடர் அப்படியே நிபெலுங்கன்லீட் என்ற பழைய ஜெர்மன் காவியம்தான். ஆயுதம் துளைக்காத உடம்பு தரும் டிராகன் ரத்தத்தில் நாயகன் ஜீக்ஃப்ரீட் குளிக்கும்போது முதுகில் லிண்டன் இலை ஒட்டிய இடத்தில்தான் அவனைக் கொல்லும் ஹாகனின் ஈட்டி பாய்கிறது.” நாலு ஓபராவையும் கேட்டவர் எழுதுகிற வரியா இது? ஓபராவில் குளியலே கிடையாது. கொன்ற டிராகனிடமிருந்து வாளை உருவும்போது கையில் பட்ட ரத்தம் நெருப்பாய்ச் சுடுகிறது, கையை வாயில் வைக்கிறான், பறவை பேசுவது புரிகிறது. அவ்வளவுதான். இலை எங்கே?

ரைன்கரை: அந்த ‘ஒருவர்’ நான்தான். பெயர் சொல்லக் கூச்சமோ? வேட்டைக்குப் போன காடு, முதுகில் ஈட்டி, எறிபவன் ஹாகன்: மூன்றும் 1200 வாக்கில் எழுந்த அந்தக் காவியத்தில் இருக்கின்றன. வோல்சுங்கா சாகா என்ற பழைய நார்ஸ் கதையிலோ, ஜீக்ஃப்ரீடுக்கு இணையான சிகுர்த் படுக்கையில் சாகிறான். குத்துபவன் குட்டோர்ம், பாம்புக் கறியும் ஓநாய்க் கறியும் ஊட்டி அவனை வெறியேற்றுகிறார்கள். ஹாகனுக்கு இணையான ஹோக்னியோ கொலை வேண்டாம் என்கிறான். இலை சின்ன விஷயம்.

கொம்பூதி: சின்ன விஷயமா? நேற்று அதுதானே உங்கள் ஆதாரம்? ‘ரிங்’கின் கடைசி ஓபரா கோட்டர்டெம்மருங், அதன் 2ஆம் அங்கம் கேளுங்கள். ஜீக்ஃப்ரீட் எதிரிக்கு முதுகு காட்ட மாட்டான் என்பதால் அங்கே மட்டும் மந்திரக் காப்பு போடவில்லை என்று அவன் காதலி ப்ரூன்ஹில்டே தன் வாயால் சொல்கிறாள். 3ஆம் அங்கத்தில் இரண்டு அண்டங்காக்கைகள் பறக்க, அவன் திரும்பிப் பார்க்கிறான், முடிந்தது. காவியத்தில் ரகசியத்தை உளறுபவள் அவன் மனைவி க்ரீம்ஹில்ட். சட்டையில் சிலுவைக்குறி வேறு தைத்துத் தருகிறாள். இலை விழுவது ஃப்ரிட்ஸ் லாங்கின் 1924 மௌனப் படத்திலும்தான். படம் பார்த்துவிட்டு ஓபரா பேச வந்தால் இப்படித்தான்.

ஏட்டுச்சுவடி: இருவருமே தித்ரெக் சாகா என்ற இன்னொரு பழைய நார்ஸ் கதையைத் தொடவில்லை. ஹாகனின் அப்பா எல்ஃப் என்பது அதில்தான்; வாக்னரிடம் அவன் குள்ளன் ஆல்பெரிஹின் மகனானதற்கு வேர் அங்கே. மீமெ என்ற கொல்லன் பெயரும் அதே வழி.

ரைன்கரை: ஆல்பெரிஹும் அவன் மாயத் தொப்பியும் காவியத்திலேயே உண்டே!

ஏட்டுச்சுவடி: தொப்பி இல்லை ஐயா. காவியத்தில் வரும் டார்ன்காப்பெ என்றால் மேலங்கி. அதைத் தலைக்கவசமாக்கி டார்ன்ஹெல்ம் ஆக்கியவர் வாக்னர்.

ரைன்கரை: இன்றைய ஜெர்மனில் காப்பெ தொப்பிதான். அகராதி தரட்டுமா?

கொம்பூதி: தொப்பியோ போர்வையோ, நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்கு அங்கமும் காட்சியும் வேண்டும். இலை எங்கே?

ரைன்கரை: ஈட்டி முதுகில்தானே பாய்ந்தது?

கொம்பூதி: இலை?