ஆல்பத்தை இலவசமாக டவுன்லோடு செய்ய விட்டால் பேண்டுக்கு நல்லதா, கெடுதலா?

பாஸ்நரம்பு கேட்டது:

வணக்கம். நால்வர் கொண்ட புது பேண்டு. முதல் ஆல்பம், 9 பாட்டு, மாஸ்டரிங் முடிந்துவிட்டது. எட்டு பாட்டு சொந்தம், ஒன்று கவர் (வேறொருவரின் பாட்டை நாங்கள் வாசித்தது). முழுவதையும் இலவசமாக டவுன்லோடு செய்ய விடலாம் என்கிறார்கள் இரண்டு பேர். ஓசியில் கொடுத்துப் பழக்கினால் அடுத்த ஆல்பத்தையும் யாரும் வாங்க மாட்டார்கள் என்கிறார்கள் மற்ற இருவர். டவுன்லோடு பேண்டுகளை வளர்த்ததா, கெடுத்ததா? காரணத்தோடு சொல்லுங்கள். கொடுப்பதென்றால் எப்படிக் கொடுப்பது?

ஒலிமேசை:

இரண்டு பக்கமும் ஆதாரம் இருப்பதால்தான் இந்தச் சண்டை ஓயவில்லை. இணையத்தில் பாட்டுக் கோப்புகளை ஓசியில் பகிரும் சேவையான நாப்ஸ்டர் 1999-இல் வந்தது; 2000-இல் மெட்டாலிகா பேண்டு அதன்மேல் வழக்குப் போட்டது; 2001-இல் சேவை நின்றது. அதே 2000-இல் ரேடியோஹெட் பேண்டின் 'கிட் ஏ' ஆல்பம் வெளியீட்டுக்கு முன்பே நாப்ஸ்டரில் கசிந்தது. ஆனாலும் ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. கோப்புப் பகிர்வால் ஆல்பம் விற்பனையில் குறிப்பிடத்தக்க பாதிப்பு தெரியவில்லை என்று பொருளாதார ஆய்வாளர்கள் ஓபர்ஹோல்சர்-கீயும் ஸ்ட்ரம்ஃபும் 2007-இல் எழுதினார்கள். அந்தக் கணக்கு முறையே தவறு என்று இன்னொரு பொருளாதார ஆய்வாளர் லீபோவிட்ஸ் மறுத்தார்.

என் கணிப்பு இது: ஏற்கெனவே வாங்க நினைத்தவர் ஓசியில் எடுத்தால் நஷ்டம். உங்கள் பெயரே தெரியாதவர் எடுத்தால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை. ஆர்க்டிக் மங்கீஸ் என்ற பிரிட்டிஷ் பேண்டு நிகழ்ச்சிகளில் சும்மா கொடுத்த டெமோ (மாதிரிப் பதிவு) சிடிக்களை ரசிகர்களே இணையத்தில் ஏற்றினார்கள். 2006-இல் வந்த முதல் ஆல்பம் பிரிட்டனில் ஒரே வாரத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் விற்றது. அங்கே ஓசியில் போனது டெமோ. விற்றது முழு ஆல்பம். இந்த வரிசையைக் கவனியுங்கள்.

தயவுசெய்து ரேடியோஹெட்டின் 'இன் ரெயின்போஸ்' ஆல்பம் மாதிரி செய்யலாம் என்று யாரும் கிளப்ப வேண்டாம். 2007-இல் "விரும்பிய தொகை கொடுங்கள்" என்று ரேடியோஹெட் சொன்னபோது, கேட்கப் பெருங்கூட்டம் காத்திருந்தது. நைன் இன்ச் நெயில்ஸ் பேண்டு 2008-இல் ஓர் ஆல்பத்தின் 36 டிராக்கில் 9-ஐ இலவசமாக விட்டு, 300 டாலர் விலையில் 2,500 சிறப்புப் பதிப்புகளை விற்றுத் தீர்த்தது. ஏழரை லட்சம் டாலர். அதுவும் இருபது வருடம் சேர்த்த ரசிகர் பலம்.

தாளக்கட்டை:

ஒலிமேசை சொன்னதோடு உடன்படுகிறேன், செய்முறைக்கு வருகிறேன். ஒன்பதையும் கொடுக்காதீர்கள். இரண்டு போதும், அதுவும் உங்களிடம் இருப்பதிலேயே சிறந்த இரண்டு. மிச்சம் மீதியைத்தான் பலரும் இலவசத்தில் தள்ளுகிறார்கள். முதல் பாட்டே சப்பென்று இருந்தால் அந்தக் காது திரும்பி வராது.

பேண்டுகளே நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் மாதிரித் தளமென்றால் எம்பி3 ஏற்றக் கூடாது. வேவ், ஃபிளாக் போன்ற தரம் குறையாத கோப்பு மட்டும், 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ் குறைந்தபட்சம். கேட்பவருக்கான எம்பி3-ஐத் தளமே செய்துகொள்ளும். ஏற்கெனவே சுருக்கிய கோப்பை மறுபடி சுருக்கினால் சிம்பல் சத்தம்தான் முதலில் கெடும், தண்ணீருக்குள் தட்டுவது போலக் கேட்கும்.

இலவச டவுன்லோடுக்கு ஈடாக மின்னஞ்சல் முகவரி கேளுங்கள். அது இல்லாவிட்டால் ஆயிரம் பேர் எடுத்தாலும், அடுத்த நிகழ்ச்சியை ஒருவருக்கும் சொல்ல வழியில்லை.

நேரடியாகக் கோப்பு கொடுப்பதென்றால் டேக் (கோப்புக்குள்ளேயே பதியும் விவரங்கள்) மிக முக்கியம். "ட்ராக்03_ஃபைனல்2" என்ற பெயரில் ஒரு எம்பி3 கைமாறிப் போகிறது. பிளேயரில் "அறியப்படாத கலைஞர்" என்று வருகிறது. பாட்டு பிடித்தவருக்கும் உங்களைத் தேட வழியில்லை. பேண்டு பெயர், பாட்டுப் பெயர், ஆல்பம், வருடம், வரிசை எண், சதுரக் கவர் படம், குறிப்புப் பெட்டியில் உங்கள் தள முகவரி, இவ்வளவும் உள்ளே இருக்க வேண்டும். பேண்டு பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். ஒரு இடைவெளி கூடினாலும் சில பிளேயர்களில் இரண்டு பேண்டாகப் பிரியும்.

அந்தக் கவர் பாட்டு? விலை பூஜ்யம் என்பதால் உரிமை தேவையில்லை என்று நினைக்காதீர்கள். பிரதி எடுத்துக் கொடுக்க இசையமைத்தவர், எழுதியவர் தரப்பின் அனுமதி வேண்டும். இலவசப் பட்டியலில் அதைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

சந்தம்:

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். "ரெக்கார்டிங்கில் போனால் என்ன, கச்சேரியில் வந்துவிடும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். யாருக்கு வரும்? மேடை ஏறுபவருக்கு. பாடல் எழுதியவர், ரெக்கார்டிங்குக்கு மட்டும் வந்து வாசித்த டிரம்மர், மிக்ஸிங் செய்தவர், இவர்கள் டிக்கெட் காசைப் பார்ப்பதில்லை. விற்பனையில் பங்கு என்று யாருக்காவது வாய்ச்சொல் கொடுத்திருந்தால், இலவசமாக விடும் முன் அவர்களுடைய சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாள், எல்லோர் கையெழுத்தோடு. வெளியீட்டுக்குப் பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் பேண்டே உடையும்.

கிரியேட்டிவ் காமன்ஸ் (யாரும் பகிரலாம் என்று பொதுவில் அனுமதி தரும்) உரிமம் போடும் எண்ணம் இருந்தால் ஒன்று: ஒருமுறை கொடுத்துவிட்டால், அப்படி வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது. நாளை ஒரு லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) தனி உரிமை கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். டவுன்லோடுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், போதும்.

பாஸ்நரம்பு:

நன்றி. கவர் பாட்டு இலவசத்தில் இல்லை. எழுத்து ஒப்பந்தம் இந்த வாரமே. ஒரு சந்தேகம்: டவுன்லோடு கொடுத்தால் ஸ்ட்ரீமிங் எண்ணிக்கை குறையாதா?

ஒலிமேசை:

குறையும். ஸ்பாட்டிஃபை 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத டிராக்குக்கு ரெக்கார்டிங் ராயல்டி கொடுப்பதில்லை. 400 பேர் ஆளுக்கு மூன்று முறை கேட்டால் 1,200. அதில் பாதிப் பேர் கோப்பை எடுத்துக்கொண்டு அங்கே போகாவிட்டால் 600, அந்த டிராக்குக்கு ஒன்றும் வராது.

ஆனால் அந்த ஆயிரத்துக்கு வருவதே ஏறக்குறைய 3, 4 டாலர். பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுக்கிறது. 5 டாலர் ஆல்பம் ஒன்று விற்றால், பணப் பரிமாற்றக் கட்டணமும் போக, மூன்றரை டாலருக்கு மேல் கையில் நிற்கும். அதாவது ஒரே ஒருவர் வாங்குவது ஆயிரம் ஸ்ட்ரீமுக்குச் சமம். அந்த ஒருவரைப் பிடிக்கத்தான் இரண்டு இலவசப் பாட்டு.

தாளக்கட்டை:

இதோடு ஒன்று: ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரே ஐஎஸ்ஆர்சி எண்ணை (ஒவ்வொரு பதிவையும் தனியாக அடையாளம் காட்டும் எண்) எல்லாத் தளத்திலும் கொடுங்கள். ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் பாட்டை அனுப்பும் விநியோகஸ்தர் ஒரு எண், நீங்கள் ஒரு எண் என்று போட்டால் ஒரே பாட்டு இரண்டாகப் பதிவாகி, கணக்கு சிதறும். முதலில் விநியோகஸ்தரிடம் ஏற்றி எண்களை வாங்குங்கள், அதே எண்களைப் பேண்ட்கேம்பில் நிரப்புங்கள், இலவச இரண்டையும் கடைசியாகத் திறங்கள்.