ஸ்டீம் ஹீட்டிங்கில் வேக்குவம் நிற்க மாட்டேங்குது, அவசர உதவி தேவை

ஹட்சன்கரை (திங்கள், இரவு 10:40)
வணக்கம். ஜெர்சி சிட்டியில பழைய வீடு, ஸ்டீம் ஹீட்டிங் (பாய்லர் நீராவி ரேடியேட்டருக்குப் போய் ரூமைச் சூடாக்கும்). வேக்குவத்துல, அதாவது உள்ளழுத்தம் வெளிக்காத்தை விடக் குறைவா வச்சு, ஓட்டிப் பாக்கலாம்னு போன வாரம் ரேடியேட்டர் வென்ட்டை (காத்து வெளியேறுற சின்ன வால்வ்) மாத்தி, காத்தைத் திரும்ப உள்ளே விடாத வேக்குவம் வென்ட் போட்டேன். முதல் தடவை எல்லா ரூமும் நல்லா சூடாச்சு. அதுக்கப்புறம் மாடியில கடைசி ரூம் ரேடியேட்டர் பாதிக்கு மேல சூடேறவே இல்ல. கேஜ் முள்ளும் ஜீரோவுல நிக்குது. பையன் அந்த ரூம்லதான் தூங்குறான், வெளியே 15 ஃபாரன்ஹீட். யாராச்சும் சொல்லுங்க.

மெட்ஃபோர்ட்காரி (10:52)
தம்பி, நீராவி போக, தண்ணி திரும்ப ஒரே குழாயா, ரெண்டு குழாயா? காஸா ஆயிலா? கேஜ் எது? பாய்லரோட வர்ற 0–30 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) கேஜ்னா உள்ளே எவ்வளவு வேக்குவம் இருந்தாலும் முள் ஜீரோவுலதான் முட்டிக்கிட்டு நிக்கும். ஜீரோவுக்குக் கீழேயும் காட்டுற காம்பவுண்ட் கேஜ் இருந்தாத்தான் தெரியும்.

குழாய்ப்பித்தன் (10:58)
ரேடியேட்டர் வாட்டம் பாருங்க. ஒரு குழாய்னா வால்வ் பக்கமா லேசா சரிஞ்சிருக்கணும். தண்ணி தேங்கினா பாதிதான் சூடாகும். எங்க வீட்டுல கால் அடியில ரெண்டு நாணயம் வச்சதும் சரியாச்சு. வால்வும் முழுசா திறந்திருக்கணும், பாதியில விடக்கூடாது.

நியூஹேவன் (11:03)
பாய்லர் தண்ணியில எண்ணெய் மிதக்குதா? கண்ணாடிக் குழாய்ல தண்ணி துள்ளுதுன்னா மேல்தண்ணியை மெதுவா வழியவிட்டு எடுங்க. பாதி வீட்டுல பிரச்சினை இதுதான்.

நீராவி_மூத்தவர் (11:15)
இதுக்கு எத்தனை தடவை பதில் எழுதியிருக்கேன்னு எனக்கே கணக்கில்ல. தேடிப் படிச்சிட்டுக் கை வச்சிருக்கலாம். வேக்குவம் வென்ட் நிலக்கரி காலத்து ஏற்பாடு. கரி ராத்திரி முழுக்க மெல்ல அணையும். அழுத்தம் வெளிக்காத்தை விடக் கீழே இறங்கினாலும் தண்ணி குறைஞ்ச சூட்டுலயே கொதிக்கும், விடியிற வரைக்கும் ரேடியேட்டர்ல வெதுவெதுப்பு இருக்கும். காஸ் பர்னர் பட்டுனு பத்தும், பட்டுனு அணையும். உள்ளே மிச்சமிருக்கிற காத்து வேக்குவத்துல விரிஞ்சு கடைசி ரேடியேட்டர்ல போய் உக்காந்துக்கும். அது வெளியேறணும்னா உள்ளழுத்தம் வெளிக்காத்தைத் தாண்டணும். அதுக்குள்ள தெர்மோஸ்டாட் பர்னரை நிறுத்திடும். கழட்டிட்டு சாதா வென்ட் போடுங்க. இது புதுசா வர்றவங்க விளையாடுற இடமில்ல.

மெட்ஃபோர்ட்காரி (11:21)
விளக்கம் சரிங்க, சொல்ற விதம் சரியில்ல. குழந்தை குளிர்ல கிடக்குதுன்னு ராத்திரியில கேக்குறார். நான் காஸ்ல, சோலனாய்டு வால்வ் (மின்சாரத்துல திறந்து மூடுறது) வச்சு 4 வருஷமா வேக்குவத்துல ஓட்டுறேன். காத்து மொத்தமும் வெளியே போகணும், திரும்பி உள்ளே வரக்கூடாது. ரெண்டும் நடந்தா காஸ்லயும் ஓடும்.

கொலம்பஸ்_வாசி (11:30)
வேக்குவத்துல தண்ணி சீக்கிரம் கொதிக்கும், அதனாலதானே காஸ் மிச்சமாகுது? 20 அங்குல (பாதரச அளவு) வேக்குவத்துல 72 டிகிரி செல்சியஸ்லயே கொதிக்குமே.

நீராவி_மூத்தவர் (11:37)
இதைத்தான் சொல்றேன். 100 டிகிரியில ஒரு கிலோ நீராவிக்கு உள்ளுறை வெப்பம் 2257 கிலோஜூல். 72 டிகிரியில 2328. ஆவியாக்க இன்னும் கொஞ்சம் கூடத்தான் ஆகும். எங்கே மிச்சம்?

மெட்ஃபோர்ட்காரி (11:44)
அந்த வெப்பம் ரேடியேட்டர்ல திரும்பக் கிடைக்குதே, வீணாப் போகலையே. மிச்சம் வேற இடத்துல. ஒவ்வொரு தடவையும் குழாய்க்காத்தைத் தள்ள வேண்டியதில்ல, நீராவி கடைசி ரூமுக்குச் சீக்கிரம் போய்ச் சேரும். இதமான நாள்ல ரேடியேட்டர் 80 டிகிரியிலயே வேலை செய்யும், வீடு ஓவரா சூடாகி ஜன்னலைத் திறக்குற நிலை வராது. ஒரு எச்சரிக்கை: 20 அங்குலத்துல நீராவி கிட்டத்தட்ட 3 மடங்கு இடம் பிடிக்கும். பர்னர் முழுத் தீயில எரிஞ்சா குழாய்ல அதே அளவுக்கு வேகம் கூடி, தண்ணியையும் சேத்து இழுத்துட்டுப் போகும். டங் டங்னு அடிக்க ஆரம்பிக்கும்.

கொலம்பஸ்_வாசி (11:50)
இவ்வளவு பாடு எதுக்கு, ஹீட் பம்ப் போட்டுட்டா முடிஞ்சுதே.

குழாய்ப்பித்தன் (11:53)
அந்த வார்ப்பிரும்பு ரேடியேட்டர் பர்னர் நின்னு ஒரு மணி நேரம் கழிச்சும் கை வச்சா சுடும். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது.

ஹட்சன்கரை (செவ்வாய், காலை 6:10)
ஒரு குழாய், காஸ். காம்பவுண்ட் கேஜ்தான். பாய்லர் நின்னதும் முள் 6 அங்குலம் வரைக்கும் இறங்குது, கால் மணி நேரத்துல சொய்ங்னு ஒரு சத்தம், ஜீரோ. பையனை எங்க ரூம்ல படுக்க வச்சோம்.

மெட்ஃபோர்ட்காரி (6:25)
அந்தச் சத்தத்தை நேத்தே சொல்லியிருந்தா எல்லாரும் தூங்கியிருக்கலாம்! எங்கேயோ காத்து உள்ளே வருது. முதல் தடவை வீடு ஜில்லுனு இருந்ததால பாய்லர் நேரமெடுத்து ஓடி காத்தை மொத்தமும் தள்ளிடுச்சு. இப்போ கொஞ்ச நேரமே ஓடுது, கடைசி ரூம் காத்து அங்கேயே தங்கிடுது. முள் இறங்கி இருக்கும்போது ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு வால்வ் தண்டுகிட்டயும், யூனியன் மூட்டுகிட்டயும், கண்ணாடிக் குழாய் நட்டுகிட்டயும் பிடிங்க. காத்து இழுக்குற இடத்துல புகை வளைஞ்சு உள்ளே போகும். சேஃப்டி வால்வ்ல இழுத்தா வால்வையே மாத்துங்க, எக்காரணம் கொண்டும் அடைக்காதீங்க. 15 பிஎஸ்ஐ-ல அது திறந்தே ஆகணும். அப்புறம், வென்ட் எத்தனை மாத்தினீங்க? ரேடியேட்டர் மொத்தம் எத்தனை?

ஹட்சன்கரை (மாலை 7:48)
ரேடியேட்டர் 7, மாத்தினது 6. குளியலறையில சின்னது, அதுல பழைய வென்ட்டையே விட்டுட்டேன். இதையெல்லாம் சொல்லணும்னு தோணல.

நீராவி_மூத்தவர் (7:55)
அதுதான் ஓட்டை. சாதா வென்ட் சூட்டுல மூடும், ஆறினா திறக்கும். சின்ன ரேடியேட்டர் முதல்ல ஆறும், திறந்த உடனே வீடு முழுக்க வேக்குவம் போயிடும். இன்னைக்கே மாத்திடுங்க.

ஹட்சன்கரை (புதன், இரவு 9:20)
மாத்திட்டேன். பையன் ரூம் வால்வ் தண்டுலயும் ஊதுபத்திப் புகை நூல் மாதிரி உள்ளே போச்சு, நட்டைக் கால் சுத்து முறுக்கினதும் நின்னுடுச்சு. ஒரு மணி நேரம் கழிச்சும் முள் 7-ல நிக்குது. ரேடியேட்டர் கடைசிக் கட்டை வரைக்கும் சூடு. எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

மெட்ஃபோர்ட்காரி (9:31)
ரொம்ப சந்தோஷம் தம்பி. விடியக்காலம் முள் எங்கே நிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க. பாய்லர் தண்ணி மட்டத்தையும் பாருங்க. தானா தண்ணி விடுற வால்வ் லேசா கசிஞ்சாக்கூட வேக்குவம் இழுத்து பாய்லரை நிறைச்சுடும்.

குழாய்ப்பித்தன் (சனி, காலை 8:05)
ஹட்சன்கரை, தண்ணி மட்டம் பாத்தீங்களா?