முகவர் பட்டியலைத் தொட லாம்டா வேண்டுமா, நேரடி அனுமதியே போதுமா?

சிப்புட் நிரலர்:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் நிறுவனம் செம்பனைச் சிறுதோட்டக்காரர்களுக்கு உரமும் இயந்திர உதிரிப் பாகங்களும் விற்கிறது. அழைப்புகள் அனைத்தும் அமேசானின் இணையவழி அழைப்பு மையச் சேவையான அமேசான் கனெக்டில் வருகின்றன. காலையில் உர வரிசையில் அழைப்புகள் குவியும்போது, மேற்பார்வையாளர், அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் முகவர்களில் இரண்டு மூன்று பேரை அந்த வரிசைக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்காக நிர்வாகப் பக்கத்தை அவருக்குத் திறந்துவிடாமல், ஒரு லாம்டா ஃபங்ஷன் (அமேசான் கிளவுடில் ஓடும் சிறு நிரல்) முகவர் பட்டியலையும், எந்த முகவருக்கு எந்த வரிசை என்று சொல்லும் ரூட்டிங் புரொஃபைலையும் வாசித்து ஒரு சிறிய பக்கத்தில் காட்டட்டும், மாற்றத்தையும் அதுவே செய்யட்டும் என்பது என் முன்மொழிவு. தோட்டத்து ஸ்டோரில் கிராணி (எழுத்தர்) மருந்தை அளந்து தருவார், சாவியைத் தரமாட்டார்.

கோலகங்சார் தணிக்கையாளர்:
தம்பி, சாவி இப்போது ஃபங்ஷனிடம் போகிறது என்பதுதான் என் கவலை. நிர்வாகப் பக்கத்தில் மேற்பார்வையாளருக்குத் தனிப் பாதுகாப்பு புரொஃபைல் (அனுமதித் தொகுப்பு) கொடுக்கலாம். முகவர்களுக்கு டேக் என்னும் அடையாளச் சீட்டு வைத்து, அவருடைய குழுவின் முகவர்கள் மட்டும் அவருக்குத் தெரியும்படியும் செய்யலாம். யார் மாற்றினார் என்பது அவர் பெயரிலேயே பதிவாகும். நீங்கள் சொல்லும் வழியிலோ, யார் என்ன செய்தார் என்று பதியும் அமேசானின் கிளவுட்டிரெயிலில், லாம்டாவின் ரோல்தான் (அதற்குக் கொடுத்த அனுமதி அடையாளம்) செய்தவராக நிற்கும். முகவர் ஒருவர் "என்னை ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்டால், ஒரு நிரலின் பெயரைத்தான் காட்ட முடியும்.

சிப்புட் நிரலர்:
அக்கா, அந்தக் குறையைச் சரிசெய்ய வழி இருக்கிறது. லாம்டா தன் ரோலிலேயே மாற்றாமல், எஸ்டிஎஸ் என்னும் தற்காலிக அனுமதிச் சேவை மூலம் இன்னொரு ரோலை ஏற்று, அமர்வுப் பெயராக மேற்பார்வையாளரின் அடையாளத்தை இட்டால், அந்தப் பெயரும் கிளவுட்டிரெயிலில் பதிவாகும். அந்த ரோலுக்கு இரண்டு ரூட்டிங் புரொஃபைல்களை மட்டும் அனுமதித்தால், நிரலில் பிழை இருந்தாலும் அதற்கு மேல் சேதம் வராது. வேறெதையும் அழிக்கவோ புதிய முகவரைச் சேர்க்கவோ அதனால் இயலாது.

கோலகங்சார் தணிக்கையாளர்:
அனுமதியைச் சுருக்குவதை முழு மனத்துடன் ஏற்கிறேன். ஆனால் அமர்வுப் பெயர் உங்கள் ஃபங்ஷன் சொல்லும் பெயர்தானே? உள்நுழைவை அது சரிபார்க்கத் தவறினால், பொய்ப் பெயரும் ஒழுங்காகவே பதிவாகும். சரிபார்க்கும் பொறுப்பு அமேசானிடமிருந்து உங்களிடம் மாறுகிறது. நீங்கள் வேலையை விட்டுப் போன பின் அந்த நிரலை யார் பார்ப்பார்?

பழைய தோட்டவாசி:
இருவரும் அனுமதியைப் பற்றியே பேசுகிறீர்கள். வேகத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். கனெக்டின் பெரும்பாலான ஏபிஐகள் (நிரல்கள் கோரிக்கை அனுப்பும் வழிகள்) இயல்பாக நொடிக்கு 2 கோரிக்கைகளையே ஏற்கும். சிறிது நேரத்திற்கு மட்டும் 5 வரை போகலாம். முகவர் பட்டியலைக் கொடுக்கும் ஏபிஐ ரூட்டிங் புரொஃபைலைக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு முகவருக்கும் தனியாகக் கேட்டால், 120 பேருக்கு ஒரு நிமிடம் ஆகும். தேடல் ஏபிஐ அந்த விவரத்தையும் சேர்த்தே தரும் என்பதால் அதையே பயன்படுத்துங்கள். வரும் அழைப்பைக் கையாளும் அழைப்பு ஓட்டத்துக்குள்ளிருந்து இந்த ஃபங்ஷனை ஒருபோதும் அழைக்காதீர்கள், ஏனெனில் அங்கே பதில் வரும் வரை நிறுத்திவைத்து அழைத்தால், காத்திருக்கும் அவகாசம் அதிகபட்சம் 8 நொடிகளே. லாம்டா தனியாக ஓடினால் 15 நிமிடம் வரை கிடைக்கும்.

சிப்புட் நிரலர்:
நன்றி ஐயா. பக்கம் திறக்கும்போதெல்லாம் கேட்காமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை வாசித்துச் சேமித்து வைக்கலாம் என நினைக்கிறேன்.

கோலகங்சார் தணிக்கையாளர்:
சேமித்த அந்த நகலில் முகவர்களின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். மலேசியாவின் 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல், பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்தில் ஆணையரிடம் தெரிவித்தாக வேண்டும். காப்பதற்கு நீங்கள் இரண்டாவது இடத்தை உருவாக்குகிறீர்கள். திரைக்குத் தேவையான முகவர் எண்ணையும் வரிசையையும் மட்டும் வைத்து, மின்னஞ்சலை வாசிக்கும்போதே விட்டுவிட்டால், வாசிக்கும் ஃபங்ஷனுக்கு என் எதிர்ப்பு இல்லை. மாற்றும் ஃபங்ஷனைப் பொறுத்தவரை என் நிலை மாறவில்லை: டேக் கட்டுப்பாட்டுடன் நிர்வாகப் பக்கத்திலேயே அது நடக்கட்டும்.

சிப்புட் நிரலர்:
மின்னஞ்சலை இன்றே நீக்குகிறேன், அக்கா. மாற்றும் ஃபங்ஷனை மட்டும் விடமாட்டேன்; அழைப்புகள் குவியும் வேளையில் மேற்பார்வையாளர் நான்கு திரைகளைத் தாண்டிப் போவதற்குள், காத்திருக்கும் சிறுதோட்டக்காரர் தொடர்பைத் துண்டித்துவிடுகிறார். உள்நுழைவுச் சரிபார்ப்பை எழுதியதும் நிரலை இங்கே இடுகிறேன். நீங்களே முதலில் தணிக்கை செய்யுங்கள்.