அலுமினா நனோத் தூள் தண்ணியில் நிக்காமல் மண்டியாகுது, உதவி தேவை

வாவிக்கரை (மட்டக்களப்பு):
20 நனோமீற்றர் காமா அலுமினா (அலுமினியம் ஒட்சைட்டின் ஒரு வகை). ஒரு லீற்றர் கிணத்துத் தண்ணியில் 5 கிராம் போட்டு, அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வால கலக்கிற) தொட்டியில் அரை மணித்தியாலம் வைச்சேன். இரவு பால் மாதிரி இருந்தது. விடியப் பார்த்தால் அடியில் வெள்ளை மண்டி, மேலே தெளிஞ்ச தண்ணி. செப்புக் குழாய்ச் சுற்றில் 0.5% கலவையை ஓட்டி வெப்பக் கடத்தல் அளக்க வேணும். சவர்க்காரத் தூள் கொஞ்சம் போட்டால் நிக்குமா?

ஒலுவிலான்:
தம்பி, தூளில பிழையில்ல, தண்ணியிலதான். அலுமினாத் துகளின் மேற்பரப்பு மின்னேற்றம் பீஎச் 9 அளவில் சூனியமாகும். கிணத்துத் தண்ணியில் பைகாபனேற்று இருந்தால் பீஎச் 8க்குக் கிட்ட நிக்கும், ஏற்றம் மெலிவு. உவர்த் தண்ணியெண்டால் அந்தக் கொஞ்ச ஏற்றத்தையும் உப்பு மூடிப்போடும். பிறகு துகள்கள் ஒண்டையொண்டு தள்ளாது, ஒட்டிக் கட்டியாகும்.

பற்றரித் தண்ணி (உப்பு நீக்கின தண்ணி) வாங்கு. ஐதான நைத்திரிக்கமிலம் சொட்டுச் சொட்டாய் விட்டு பீஎச் 4.5க்கு இறக்கு. பற்றரி அசிட்டை (சல்பூரிக்கமிலம்) தொடாதே: சல்பேற்றுக்கு இரட்டை ஏற்றம், கலவை உடனே திரளும். தூள் போட்டதும் பீஎச் தானாய் ஏறும், திரும்பப் பார்த்துச் சரிசெய். தொட்டி வகை அல்ட்ராசோனிக்குக் கட்டியை உடைக்கிற பலம் காணாது. கலவைக்குள்ள கோலை இறக்கிற கோல் வகையில், ஐசுக்குள்ள பாத்திரத்தை வைச்சு, 5 செக்கன் ஓட்டம் 5 செக்கன் ஓய்வாய் முக்கால் மணித்தியாலம். நிறுக்கும்போது என்95 முகக்கவசம் கட்டாயம்.

கல்லாற்றுப் பொறியாளர்:
கணக்கும் உதைக்குது. 5 கிராம் எண்டால் நிறைப்படி 0.5%, அடர்த்தி 3.65 அளவு, அப்ப கனவளவுப்படி 0.14% தான். கனவளவில் 0.5% வேணுமெண்டால் 18 கிராம் போட வேணும். அதுக்கும் வெப்பக் கடத்துதிறன் கிட்டத்தட்ட 1.5% தான் கூடும். 2009இல் 30க்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஒரே மாதிரிகளை அளந்து, கலவையின் கடத்துதிறனுக்கான பழைய மக்ஸ்வெல் வகைச் சமன்பாடு சொல்றதுக்கு மேல பெரிசா ஒண்டுமில்லை எண்டு காட்டின. சாதாரண தேர்மோகப்பிளின் (வெப்பநிலை அளக்கிற கம்பி) பிழையே 2 பாகை. முதல்ல வெறும் பற்றரித் தண்ணியை ஓட்டி அடிப்படை அளவு எடுங்கோ. ஒரே றெய்னோல்ட்ஸ் எண்ணில் (ஓட்ட வேகத்தைப் பாகுமையோட ஒப்பிடுற எண்) ஒப்பிட்டால் நனோக் கலவைதான் வெல்லும், அது ஏமாத்து. பாகுமை கூடினதால அதே எண்ணுக்கு வேகமா ஓட்டுறீங்கள். ஒரே பம்ப் வலுவில் ஒப்பிடுங்கோ.

வாவிக்கரை:
நன்றி நானா, நன்றி சேர். அமிலம் செப்பை அரிக்காதா? சவர்க்காரத்தைப் பற்றியும் சொல்லுங்கோ.

ஒலுவிலான்:
அரிக்கும், மெதுவா. நாள்கணக்கா ஓட்டுறதெண்டால் நைத்திரிக்கமிலத்தைக் கைவிட்டிட்டு, தூளின் நிறையில் 3% அளவு சிற்றிக்கமிலத்தில் தொடங்கு. ஐதான சோடியம் ஐதரொட்சைட்டால பீஎச்சை 8க்குக் கொண்டுவா. சிற்றேற்று துகளில ஒட்டி மறையேற்றம் குடுக்கும், அப்ப 8இலயும் நிக்கும். சவர்க்காரத் தூளில் சல்பேற்றும் காபனேற்றும் கிடக்கு, நுரை பம்பில காத்தடைக்கும். வேணாம். பம்ப், தண்டில சீல் இல்லாத காந்த இணைப்பு வகையாய் எடு. மற்ற வகையில அலுமினா அந்தச் சீலைத் தேய்ச்சுப்போடும்.