பில்டர் தரும் 18,000 ரூபாயில் மும்பை சயான் பக்கம் ரூம் கிடைக்குமா?

இட்லிக்கடை அக்கா (ஆண்டாப் ஹில்):

எங்கள் ஜோப்படா (குடிசை) எஸ்ஆர்ஏவுக்குப் போகிறது, குடிசை மறுவாழ்வு ஆணையத்தின் திட்டத்தில் பில்டர் இடித்துவிட்டு வீடு கட்டித் தருவார். யாருக்கு வீடு என்று சொல்லும் பட்டியலான பரிசிஷ்ட இரண்டில் என் பெயருக்கு நேராகத் 'தகுதி' என்று வந்துவிட்டது, அதில் குறை இல்லை. தீபாவளிக்குள் காலி செய்ய வேண்டும். கட்டிடம் முடியும்வரை மாதம் 18,000 ரூபாய் வாடகையாம். முதல் 12 மாதத்துக்கு ஒரே செக், ஆனால் குடிசைச் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் தருவார்களாம்.

நான் இட்லி, வடை போடுகிறவள். ராத்திரி 2 மணிக்கு அடுப்பு பற்ற வைத்தால் ஐந்தரைக்குப் பையன் சைக்கிளில் கிளம்புவான். வடாலா, கிங்ஸ் சர்க்கிள், சயான் ஆஸ்பத்திரி வாசல் என்று 22 வருடமாக அதே தெரு, அதே ஆட்கள். இதுவரை ஒன்பது ரூம் பார்த்தாயிற்று. கிரைண்டர் என்று நான் வாயைத் திறந்ததும் வீட்டுக்காரர் முகம் மாறிவிடுகிறது. ஒருவர் மட்டும் சரி என்றார், அவருக்கு 22,000 வேண்டுமாம். எங்கே போனாலும் டெபாசிட் 75,000, ஏஜென்டுக்கு ஒரு மாத வாடகை. செக் வருவதற்கு முன்னாலேயே இந்தப் பணத்தை எங்கே புரட்டுவேன்? பிரதமர் ஆவாஸ் திட்டத்தில் வாடகைக்கும் உதவி உண்டு என்று தம்பி சொல்கிறான். நிஜமா?

சீதா கேம்ப்வாலா:

அக்கா, தம்பி சொன்னதில் பாதி நிஜம். லாக்டவுனில் ஊருக்கு நடந்தே போனார்களே, அதற்குப் பிறகு 2020-ல் வாடகைக் குடியிருப்புத் திட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். 2024-ல் தொடங்கிய ஆவாஸ் 2.0-விலும் வாடகை வீடு ஒரு பிரிவாக இருக்கிறது. ஆனால் அது வீடு கட்டி வாடகைக்கு விடுவது. நாம் பார்த்த ரூமுக்கு நம் கையில் பணம் தருவது இல்லை. உங்களுக்கு இப்போதைக்கு பில்டர் பணம்தான்.

அந்தப் பணத்தைப் பற்றி ஒன்று கேளுங்கள். இரண்டு வருட வாடகையை பில்டர் முன்கூட்டியே எஸ்ஆர்ஏவில் கட்ட வேண்டும் என்று 2023-ல் விதி போட்டார்கள். கட்டியாயிற்றா என்று பாந்த்ரா ஆபீசில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். உங்கள் குடிசைப் பகுதி கமிட்டிக்காரர் வாய்ச்சொல்லை நம்பிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

டெபாசிட்டுக்கும் வாய் திறந்து கேட்கலாம். தான்சா குடிநீர் பைப்லைன் ஓரம் வீடு இடிபட்டு, ஆலைப் புகை நிறைந்த மாஹுலுக்கு அனுப்பப்பட்ட ஜனங்கள் அந்தக் காற்றில் இருக்க முடியாது என்று கேஸ் போட்டபோது, மாதம் 15,000 வாடகையோடு 45,000 டெபாசிட்டும் தரச் சொல்லி 2019-ல் ஹைகோர்ட் அரசுக்கு உத்தரவு போட்டது. உங்கள் கேஸ் வேறு, அது உங்களைக் கட்டாது. ஆனால் வாடகை மட்டும் தந்தால் ஒருவன் ரூமுக்குள் நுழைய முடியாது என்பது கோர்ட்டுக்கே தெரிந்திருக்கிறது இல்லையா? கமிட்டி மீட்டிங்கில் இதைச் சொல்லுங்கள்.

திவா மாமா:

நான் பட்டதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள் அம்மா. எங்கள் சால் (வரிசை ரூம் கட்டிடம்) இடித்தபோது, மாத வாடகையே வேண்டாம், ஹெவி டெபாசிட் கொடு என்றார் ஒரு வீட்டுக்காரர். வாடகைச் செக்கோடு மனைவியின் நகையையும் சேர்த்து 4 லட்சம் கொடுத்தேன். காலி செய்து எட்டு மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தது, அதுவும் மூன்று தவணையில். அக்ரிமென்ட் வெறும் ஸ்டாம்ப் பேப்பர், ரிஜிஸ்டர் செய்யவில்லை. மகாராஷ்டிராவில் ரிஜிஸ்டர் செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு, 1999 வாடகைச் சட்டம் 55-ஆம் பிரிவு. செய்யாமல் விட்டால், வேறு விதமாக நிரூபிக்கிறவரை குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனைதான் செல்லும். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அக்ரிமென்டில் பதினோரு மாதத்துக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றும் இல்லை. 33 மாதத்துக்குப் போட்டால் வருடா வருடம் ஏஜென்ட் வந்து நிற்க மாட்டான்.

அப்புறம் திவா, டோம்பிவிலி என்று தூரத்துப் புறநகரைச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். வாடகை குறைவுதான், நான் இங்கேதான் இருக்கிறேன். ஆனால் இட்லி அண்டாவோடு சயானுக்கு லோக்கல் ரயிலில் ஏறிப் பார், அப்புறம் சொல்.

லேபர் கேம்ப் செல்வி:

அக்கா, நீங்கள் வீட்டையும் தொழிலையும் ஒரே கதவுக்குள் தேடுகிறீர்கள். அதனால்தான் கிடைக்கவில்லை. எங்கள் சித்தி கிரைண்டரை மட்டும் தாராவியில் ஒரு காலாவில் (சின்னப் பட்டறை அறை) வைத்திருக்கிறார். மூன்று இட்லிக்காரர்கள் சேர்ந்து எடுத்தது, ஆளுக்கு 3,500. ராத்திரி அங்கே போய் மாவு ஆட்டி, அவித்து, அங்கிருந்தே சைக்கிள் கிளம்பிவிடும். வீட்டுக்காரரிடம் கிரைண்டர் பேச்சே வராது. பதினாலாயிரத்துக்குள் மாடி ரூம் பாருங்கள், கணக்கு சரியாகிவிடும்.

டெபாசிட்டைக் குறைக்க இன்னொரு வழி. ஆறு மாத வாடகையை மொத்தமாகத் தருகிறேன், டெபாசிட்டை 30,000 ஆக்குங்கள் என்று பேசிப் பாருங்கள். சில பேர் ஒத்துக்கொள்வார்கள். பணத்தை பேங்க் வழியாகவே கொடுங்கள்.

இட்லிக்கடை அக்கா:

எல்லாருக்கும் நன்றி. மீட்டிங்கில் டெபாசிட் பேச்சை எடுத்தேன். முதலில் சிரித்தார்கள். என் பின்னால் பதினேழு பெண்கள் எழுந்து நின்றதும், சாவி வாங்குகிற அன்றே செக் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். டெபாசிட்டுக்குப் பதில் இல்லை. எஸ்ஆர்ஏவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

செல்வி சொன்ன மாதிரி சயான் பக்கம் கோலிவாடாவில் மாடி ரூம், 13,500. ஐந்து மாதம் முன்பணம், டெபாசிட் 35,000-க்கு ஒத்துக்கொண்டார். டெபாசிட்டுக்குச் சீட்டை எடுத்துவிட்டேன். ரிஜிஸ்டர் செய்ய விரல் ரேகை மிஷினோடு வீட்டுக்கே ஆள் வருமாம், சனிக்கிழமை.

செல்வி, உன் சித்தி காலாவில் இன்னும் ஒரு கிரைண்டருக்கு இடம் இருக்குமா? என்னுடையது பத்து லிட்டர், டில்டிங்.