மறு: எறிவாளரை மாற்றும் அமைப்புக்கு என்ன பெயர்? ('சோர்வெல்லை' பற்றி)

வணக்கம்.

> 'சோர்வெல்லை' என்றே வைத்துவிடலாம். எறிவாளர் களைத்ததும் கணினி ஆளை மாற்றுகிறது, அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை, அங்கேதான் சிக்கல். கணினியில் விளையாடும் பேஸ்பால் ஆட்டங்களில் இரண்டு கணக்குகள் தனித்தனியாக ஓடுகின்றன. எறிவாளர் (பிட்சர்) எவ்வளவு களைத்திருக்கிறார் என்பது ஒன்று. அது அவருடைய எண். அவரை எதுவரை விட்டுவைப்பது என்பது இன்னொன்று, அது அணி மேலாளருடையது; ஆட்டத்தில் அந்த மேலாளர் வேலையைக் கணினி பார்க்கிறது. நமக்குச் சொல் வேண்டியது இரண்டாவதற்கு.

2020 உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பால் கோப்பைக்கான இறுதித் தொடர்) 6ஆவது ஆட்டத்தைப் பாருங்கள். டாம்பா பே அணியின் எறிவாளர் பிளேக் ஸ்நெல் எறிந்திருந்தது 73 பந்துகள்தான். 9 முறை மட்டையாளர்களை ஸ்டிரைக்-அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அவுட்) ஆக்கியிருந்தார். அணி 1-0 என முன்னிலை. ஆறாவது இன்னிங்ஸில், மட்டையாளர் அடித்துத் தளத்தை எட்டும் ஹிட் அன்று இரண்டாவது முறையாக விழுந்ததும் மேலாளர் கெவின் கேஷ் நடந்து வந்து அவரை வெளியே எடுத்துவிட்டார். அடுத்து வரவிருந்த மூவரும் அன்று ஸ்நெல்லிடம் தலா இரண்டு முறை ஸ்டிரைக்-அவுட் ஆனவர்கள்! ஆனால் ஒரே எறிவாளரை மூன்றாம் சுற்றில் சந்திக்கும் மட்டையாளர்கள் கூடுதலாக அடிப்பார்கள் என்பது புள்ளிவிவரக் கணக்கு. கேஷ் அதன்படி நடந்தார். புதிதாக வந்த நிக் ஆண்டர்சனின் பந்தில் எதிரணி டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் டபுள் (இரண்டாம் தளம்வரை ஓட வைக்கும் அடி) அடித்தார். டாட்ஜர்ஸ் 3-1 என்று கோப்பையைக் கொண்டுபோனது. இதில் சோர்வு எங்கே வந்தது?

2003இல் நடந்தது நேர் எதிர். அமெரிக்கன் லீக் இறுதியின் 7ஆவது ஆட்டத்தில் பாஸ்டனின் மேலாளர் கிரேடி லிட்டில், எட்டாவது இன்னிங்ஸில் எறிவாளர் பெட்ரோ மார்ட்டினஸிடம் போய்ப் பேசிவிட்டு அவரையே தொடரவிட்டார். 5-2 முன்னிலை கரைந்து 5-5 ஆனது, 11ஆவது இன்னிங்ஸில் எதிரணி யாங்கீஸ் வென்றது. களைப்பு கண்ணுக்குத் தெரிந்தும் மாற்றவில்லை.

கிரிக்கெட்டின் 'பந்துவீச்சு மாற்றம்' இங்கே ஒட்டாது. பும்ராவை நிறுத்திவிட்டு 18ஆவது ஓவரில் திரும்பக் கூப்பிடலாம். பேஸ்பாலில் வெளியே போனவர் போனவர்தான், அந்த ஆட்டத்தில் மறுபடி வர முடியாது. ஒவ்வொரு மட்டையாளர் வரும்போதும் கணினி இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்: இந்த மாற்று எறிவாளரை இப்போது செலவழித்தால் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு யார் மிச்சம், நேற்று யார் எறிந்தார், வரும் மட்டையாளர் இடக்கையா வலக்கையா.

மற்ற முன்மொழிவுகள். 'இறக்கல்': தமிழில் ஆளை இறக்குவதென்றால் உள்ளே அனுப்புவது, பொருள் தலைகீழாகிவிடும். 'விடுவிப்பு': ஐபிஎல் செய்திகளில் அணியிலிருந்தே அனுப்பிவிடுவதற்குப் பழகிவிட்டது, இந்த ஆட்டங்களிலும் அதற்குத் தனிப் பொத்தான் உண்டு. 'விலக்கெல்லை' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் மதுவிலக்குதான் முதலில் நினைவுக்கு வருகிறது. 'தூக்கெல்லை' எழுதியவர் விளையாட்டுக்குத்தான் எழுதினார் என்று நம்புகிறேன்.

என் முன்மொழிவு: பொறுதி. மாற்றும் செயலுக்குப் பதிலாக, அதற்குமுன் மேலாளர் எவ்வளவு பொறுப்பார் என்பதற்குப் பெயர். சட்டென்று மாற்றுபவர் குறைபொறுதி, விட்டுவைப்பவர் நெடும்பொறுதி. கேஷும் லிட்டிலும் அந்தந்த இரவில் எந்தப் பக்கம் என்று விளக்கவே வேண்டாம். அமைப்புத் திரையில் 'தொடக்க எறிவாளர் பொறுதி', 'மாற்று எறிவாளர் பொறுதி' என்று இரண்டு நகர்த்திகள் (ஸ்லைடர்கள்) வைத்தால் போதும்.

கணினிக்கு ஏது பொறுமை என்று கேட்பீர்கள். 1987இல் வந்த 'ஏர்ல் வீவர் பேஸ்பால்' ஆட்டத்துக்காக, பால்டிமோர் மேலாளராக இருந்த வீவரிடமே பேட்டி எடுத்து அவருடைய முடிவெடுக்கும் முறையை நிரலாக்கினார்கள். கணினியிடம் இருப்பது ஒரு மனிதரின் பொறுதிதான், எண்ணாக மாற்றப்பட்டிருக்கிறது. அதனால் சொல் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன்.

எதிர்ப்பு இருந்தால் சொல்லுங்கள். அப்புறம், மாற்று எறிவாளர்கள் காத்திருக்கும் புல்பென்னுக்குக் 'காளைத்தொழுவம்' வேண்டவே வேண்டாம். புல்பென் என்றே இருக்கட்டும்.