புதுப்பிப்பு: ‘நான்’ யார் என்று தேடப்போய் ஹியூமிடம் மாட்டிக்கொண்டேன்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: தத்துவவாதிகளில் தெக்கார்த்தை முடித்துவிட்டு நேராகக் காண்ட்டுக்குத் தாவினேன், ஒரு பக்கம்கூட நகரவில்லை என்று. இருவருக்கும் நடுவில் வந்த தத்துவவாதிகள் லாக்கையும் ஹியூமையும் படிக்கச் சொன்னீர்கள். படித்தாயிற்று.

லாக் நினைத்ததைவிட எளிது. ஆள் அடையாளம் (நேற்றைய நானும் இன்றைய நானும் ஒரே ஆள் என்பது எதனால்?) பற்றிய அத்தியாயத்தை அவர் 1694இல், தன் ‘மனித அறிவு பற்றிய கட்டுரை’ நூலின் இரண்டாம் பதிப்பில்தான் சேர்த்தார். அதில் ஓர் இளவரசனின் நினைவுகள் செருப்புத் தைப்பவரின் உடலுக்குள் புகுந்துவிடுகின்றன. இப்போது அந்த ஆள் யார்? இளவரசன்தான் என்கிறார் லாக். (கூடுவிட்டுக் கூடு பாயும் கதை கேட்டு வளர்ந்த நமக்கு அதிர்ச்சி கொஞ்சம் குறைவுதான்.)

தூக்கத்தைக் கெடுத்தவர் ஹியூம். உள்ளே பார்த்தால் சூடு, குளிர், விருப்பு, வெறுப்பு என்று ஏதாவது ஒன்று தட்டுப்படுகிறதே தவிர, ‘நான்’ மட்டும் தனியாகத் தட்டுப்படுவதில்லை என்கிறார். சரி பார்ப்போம் என்று மொட்டைமாடியில் உட்கார்ந்து நானும் முயன்றேன். கொசுக்கடி தெரிந்தது, பசி தெரிந்தது. அவ்வளவுதான்! 1739இல் ‘மனித இயல்பு பற்றிய ஆய்வு’ நூலில் இதை வெளியிட்டவர், அடுத்த வருடமே அதன் பின்னிணைப்பில் தன் விளக்கம் தனக்கே திருப்தியாக இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்காகவே ஆளைப் பிடித்துப்போனது.

காண்ட்டை நேற்று மறுபடி எடுத்தேன். நகர்கிறது, நத்தை வேகத்தில்.